பிங் சரியாகப் போகிறது, ஃபைல் காப்பி மட்டும் நகரவில்லை: பதில்

ஸ்விட்ச் போர்ட்டை 100 ஃபுல் (100 Mbps வேகம், ஃபுல் டூப்ளெக்ஸ்) என்று கையால் வைத்திருக்கிறேன், கணினி ஆட்டோவில் இருக்கிறது, லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேபிளை மாற்ற அவசரப்படாதீர்கள். இது டூப்ளெக்ஸ் பொருந்தாமைதான் என்று நினைக்கிறேன்: ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்கிறது (ஃபுல்), மறுமுனை ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்கிறது (ஹாஃப்).

கையால் அமைத்த போர்ட் பெரும்பாலும் ஆட்டோ நெகோஷியேஷனில் (இரு முனைகளும் தாமே பேசி வேகத்தையும் டூப்ளெக்ஸையும் முடிவு செய்வது) கலந்துகொள்ளாது. எதிர்முனைக் கணினி சிக்னலை வைத்து 100 என்ற வேகத்தைக் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும்.

இப்போது ஸ்விட்ச் லைனைக் கவனிக்காமல் நினைத்தபோது அனுப்பும். கணினியோ தான் அனுப்பும்போது ஏதாவது வந்தால் மோதல் என்று எண்ணி, ஃபிரேமை (ஒரு தடவை அனுப்பும் தரவுத் துண்டை) பாதியில் நிறுத்திவிடும். முதல் 64 பைட்டுக்குள் மோதினால் சற்றுக் காத்திருந்து நெட்வொர்க் கார்டே மறுபடி அனுப்பும். அதற்குப் பிறகு மோதினால்தான் லேட் கொலிஷன். அதைப் பெரும்பாலான கார்டுகள் மறுபடி அனுப்பாது, தரவு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் டிசிபி நெறிமுறைதான் காத்திருந்து அனுப்ப வேண்டும். காப்பி படுத்துவிடுவது இதனால்தான். பிங் என்பது இணைப்பைச் சோதிக்கும் சிறிய செய்தி, ஒவ்வொன்றாகப் போவது, அதனால் தப்பித்துவிடுகிறது.

ஸ்விட்ச் பக்கம் சிஆர்சி பிழையும் (சிதைந்து வந்த ஃபிரேம்) ரன்ட்டும் (64 பைட்டுக்கும் குறைந்த ஃபிரேம்) ஏறுகிறதா என்று பாருங்கள். பாதியில் வெட்டுப்பட்ட ஃபிரேம்கள் அங்கே அப்படித்தான் பதிவாகும். ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

சரி, தீர்வு: இரண்டு பக்கமும் ஆட்டோ வையுங்கள். பழைய கருவி என்பதால் முடியாவிட்டால் இரண்டிலும் 100 ஃபுல் என்றே வையுங்கள். அப்புறம் கவுன்ட்டரை அழித்துவிட்டு ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்து பாருங்கள்; ஃபுல் டூப்ளெக்ஸில் கொலிஷன் எண் 0 தாண்டவே கூடாது.