பாதயாத்திரைப் படங்கள்: வேன் வெளிச்சமே போதும்

கேள்வி: மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) எங்கள் தோட்டத்துக் கோவிலிலிருந்து தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நடந்து போகிறோம். இரண்டு இரவு நடை. முதல் இரவு ராவாங் வரை. இந்த வருடம் அண்ணன் காவடி எடுக்கிறார். என்னிடம் ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், தனியாக வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இருக்கின்றன. போன வருடப் படங்களில் பாதி ஒரே இருட்டு, மீதி பிளாஷில் வெளுத்துப்போன முகங்கள். எப்படி எடுப்பது?

பதில்: தங்கச்சி, முதல் வேலையாகப் பிளாஷை மறந்துவிடுங்கள். கேமராவிலேயே இருக்கும் பிளாஷ் தானாக எழும்பாதபடி அணைத்து வையுங்கள். சில வருடங்களுக்கு முன் பத்துமலை ஆற்றங்கரையில், பால்குடம் ஏந்தி வந்த ஓர் அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிளாஷ் அடித்துவிட்டேன். கண் கூசி, கால் தடுமாறி நின்றுவிட்டார். குடத்தின் வாயில் கட்டிய மஞ்சள் துணி நனைந்து, பால் நெற்றித் திருநீற்றைக் கரைத்துக்கொண்டு மூக்கு வரை வழிந்தது. என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட வந்த மகள்தான் துடைத்துவிட்டாள். அன்றிலிருந்து விரதம் இருப்பவர் முகத்தில் நான் பிளாஷ் அடித்ததில்லை.

வெளிச்சம் உங்களோடுதான் நடந்து வருகிறது. முருகன் படம் வைத்த வேன் முன்னால் போகும். அதன் அலங்கார விளக்கு முதல் இரண்டு வரிசை முகங்களில் நன்றாக விழும். பின்னால் காவலுக்கு வரும் காரின் விளக்கு, நடப்பவர்களின் தோளிலும் தலைமுடியிலும் ஒரு கோடு போட்டுக் காட்டும். சாம்பிராணிப் புகை இருந்தால் அந்த இடமே எரிவதுபோல் தெரியும். செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு நடுவே தெருவிளக்கு இல்லாத சாலைதான் இதற்கு நல்ல இடம். பூசத்தையொட்டி நிலவு பெரிதாக இருக்கும். ஆனால் நடக்கிற ஆட்களை எடுக்க நிலவொளி காணாது. வேனை விட்டுத் தள்ளிப் போகாதீர்கள்.

இரவுக்கு 50 மி.மீ. லென்ஸ்தான். லென்ஸ் திறப்பு எஃப் 2, ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 நொடி என்று தொடங்குங்கள். உறுமி மேளத்துக்கு ஆடுபவர்களுக்கு 1/250 வேண்டும். அதற்கு ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்றலாம். படத்தில் புள்ளி தட்டினால் பரவாயில்லை, அசைந்துபோன முகத்தைத்தான் பிறகு சரிசெய்ய முடியாது. தண்ணீர்ப் பந்தலில் மட்டும் 1/100-க்கு இறங்குங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் வேகம் கூடினால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

மஞ்சள் உடை இன்னொரு தொல்லை. கேமராவைத் தானாக நிறம் பார்க்க விட்டால், மஞ்சளைக் குறைத்து ஆட்களை நோயாளிபோல் காட்டிவிடும். நிற அளவை (ஒயிட் பேலன்ஸ்) 4000 கெல்வின் என்று நிறுத்தி வையுங்கள். வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) மூன்றில் இரண்டு படி குறையுங்கள். இல்லாவிட்டால் கார் விளக்கு படும் மஞ்சள் துணியில் மடிப்பே தெரியாது. கேமரா பதப்படுத்தாத ரா (RAW) கோப்பாக எடுத்தால் வீட்டில் திருத்திக்கொள்ளலாம்.

கேமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னோக்கி நடக்கவே நடக்காதீர்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் சாலை அது. ஐம்பது அடி முன்னால் ஓடி, சாலையோரப் புல்லில் நின்று, கூட்டம் தாண்டிப் போகும்வரை எடுங்கள். பிறகு மறுபடி ஓடுங்கள். மற்றவர்களைவிட அதிகமாக நடப்பீர்கள், காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள்.

முகத்தோடு நின்றுவிடாதீர்கள். ராவாங்கை நெருங்கும்போது ஒவ்வொருவர் நடையும் மாறிப்போயிருக்கும். பாதத்தில் சுற்றிய துணி, பாட்டியின் கையைப் பிடித்திருக்கும் பேரன், ரொட்டியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்து தூங்குகிறவர்: எனக்கு இந்தப் படங்கள்தான் பிடிக்கும். சூரியன் ஏழரைக்குச் சற்று முன் வரும். அதற்கு இருபது நிமிடம் முன்பே தயாராக இருங்கள். அந்த நீல வெளிச்சத்தில் மஞ்சள் உடை தனியாக எடுப்பாகத் தெரியும்.

லென்ஸில் திருநீறு பட்டால் சட்டையில் துடைக்க வேண்டாம், கீறிவிடும். ஊதியால் ஊதிவிட்டுப் பிறகு துடையுங்கள். ஏர்கான் காரிலிருந்து எடுத்தவுடன் லென்ஸ் வியர்க்கும். கால் மணி நேரம் பைக்குள்ளேயே விட்டுவையுங்கள்.

ஆற்றில் குளித்து ஈரத்துணியோடு வரும் பெண்களை எடுக்க வேண்டாம். அருள் வந்து ஆடுகிறவரைத் தூரத்திலிருந்து எடுங்கள். அவர் குடும்பம் வேண்டாமென்றால் அப்போதே அழித்துவிடுங்கள். அலகு குத்தும் இடத்தில் குருசாமிதான் பெரியவர். அவரிடம் இப்போதே, விரதக் காலத்திலேயே போய்க் கேட்டு வையுங்கள். அண்ணனிடமும் கேளுங்கள். அலகு ஏறும் நேரத்தில் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவர் நினைத்தால், கேமராவை மச்சான் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஐஎஸ்ஓவும் ஷட்டரும் நீங்களே வைத்துக் கொடுத்தால் அவர் பொத்தானை மட்டும் அழுத்தினால் போதும்.