உணவுக்குழாயில் கட்டி: பயாப்சி ஏன் எடுக்கவில்லை?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. சில மாதங்களாகச் சோறு விழுங்கும்போது நெஞ்சில் அடைப்பதாகச் சொல்லிவந்தார். உணவுக்குழாயின் நடுப்பகுதியில் 5 செ.மீ. கட்டி இருப்பது எண்டோஸ்கோப்பியில் தெரிந்தது. அது லியோமயோமா என்னும் சாதாரணக் கட்டியாகவே இருக்கும் என்று கூறும் மருத்துவர், பயாப்சி (கட்டியிலிருந்து திசுத் துணுக்கெடுத்துச் சோதிப்பது) எடுக்க மறுக்கிறார். மார்பைத் திறக்காமலே நீக்கலாம் என்கிறார். என் மாமனாரோ உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தவர். சோதிக்காமல் எப்படி நம்புவது?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சகோதரி, உங்கள் அச்சம் நியாயமானது. தென்னாப்பிரிக்காவில், குறிப்பாகக் கிழக்குக் கேப் மாகாணத்தில், உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதால், விழுங்கத் தடை என்றதும் அதைச் சந்தேகிப்பதே முறை. ஆனால் புற்றுநோய் குழாயின் உட்சவ்வில் தோன்றி, அதைப் புண்ணாக்கி வளர்கிறது. லியோமயோமா அதற்கு அடியிலுள்ள தசையில் தோன்றுகிறது. பாய்க்கு அடியில் உருண்டையொன்று கிடந்தால் பாய் கிழியாமல் மேடு மட்டும் தெரிவதைப் போல, உட்சவ்வு வழவழப்பாகவே இருக்கும். உணவுக்குழாயில் தோன்றும் கட்டிகளில் புற்றல்லாதவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். பெண்களைவிட ஆண்களுக்கே இது அதிகம் வருகிறது. புற்றாக மாறுவது மிகமிக அரிது.

பயாப்சியை உங்கள் மருத்துவர் மறுத்தது அலட்சியத்தால் அன்று. எண்டோஸ்கோப்பி வழியே கிள்ளியெடுக்கும் துணுக்கு பெரும்பாலும் உட்சவ்வோடு நின்றுவிடும், கட்டியை எட்டாது. அதைவிட முக்கியமாக, கிள்ளிய இடம் ஆறித் தழும்பாகும்போது உட்சவ்வு கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கட்டியைப் பிரிக்கையில் சவ்வு கிழியக்கூடும். கிழிந்ததைக் கவனிக்காமல் விட்டால் உணவும் உமிழ்நீரும் மார்புக்குள் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும். சவ்வில் புண் இருந்தாலோ ஸ்கேனில் ஐயம் எழுந்தாலோ மட்டுமே முன்கூட்டித் திசு எடுப்பது பொருந்தும்.

நடுப்பகுதிக் கட்டிக்கு வழக்கமாக வலப்புற விலா எலும்புகளுக்கு இடையே சில சிறு துளைகளிட்டு, கேமராவும் நுண்கருவிகளும் செலுத்துவார்கள். அப்போது வலது நுரையீரலைச் சுருங்கவிட்டு இடது நுரையீரலால் மட்டும் மூச்சு நடக்கச் செய்வதால், மயக்க மருந்து நிபுணரின் அனுபவமும் இங்கே பெரிதும் தேவை. பின்பு தசையை நீளவாக்கில் பிளந்து, சவ்வைத் தொடாமல் கட்டியை முழுதாகப் பிரித்தெடுப்பார்கள். குழாயை நீரில் மூழ்கவைத்து உள்ளே காற்றைச் செலுத்துவார்கள். குமிழி வந்தால் ஓட்டை உண்டென்று அறிந்து அப்போதே தைத்துவிடலாம். இறுதியில் தசையையும் சேர்த்துத் தைப்பது அவசியம். இல்லாவிட்டால் அந்த இடத்தில் சவ்வு பைபோலப் பிதுங்கக்கூடும். மார்பைத் திறப்பதோடு ஒப்பிட்டால் வலி குறைவு. வீடு திரும்புவதும் விரைவு. சிறிய கட்டிகளை வாய்வழியே, சவ்வுக்கு அடியில் சுரங்கம் போல வழி அமைத்து எடுக்கும் முறையும் உண்டு, ஆனால் 5 செ.மீ. கட்டியை அவ்வழியே முழுதாக வெளியே கொண்டுவருவது கடினம்.

எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் (குழாய்க்குள்ளிருந்தே எடுக்கும் ஒலியலை ஸ்கேன்) செய்யப்பட்டதா, கட்டி தசை அடுக்கிலிருந்து எழுவதாக அதில் தெரிந்ததா, இந்த அறுவையை அந்தக் குழு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். நீக்கிய கட்டி முழுவதும் ஆய்வகத்துக்குச் செல்லும். நீங்கள் கேட்கும் திசுப் பரிசோதனை அப்போது, ஒரு துணுக்கில் அல்லாமல் கட்டி முழுவதிலும் நடக்கும்.