கனி எங்கே காய்க்கிறது? (கேள்வி பதில்)

வேதபாட வகுப்பு நடத்துகிறவன் என்பதால் அன்றாட ஆவிக்குரிய வாழ்க்கை பற்றிப் பலரும் என்னிடம் கேட்பதுண்டு. அவற்றில் சில இங்கே.

கேள்வி: ஐயா, பத்து வருடமாக அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். ஆனாலும் கோபம் போகவில்லை. வீட்டில் எல்லோரும் என்னைக் கண்டு ஒதுங்குகிறார்கள். எங்கே தவறு?

என் வேதாகமத்தில் கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு கோணல் கோடு இருக்கிறது. ‘நீடியபொறுமை’ என்ற சொல்லுக்குச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு இட்டுக்கொண்டிருந்தேன். பேரன் வந்து அந்தப் பென்சிலைக் கேட்டான். சீறி விழுந்தேன். அவன் போன பிறகு பார்த்தால், கோடு பாதிச் சொல்லில் இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே, உங்களுக்கு உபதேசம் செய்யும் தகுதியில் இதை எழுதவில்லை.

அந்த இடத்தில், கலாத்தியருக்கு அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல், நீடியபொறுமை உட்பட ஒன்பது குணங்களை அடுக்குகிறார். ஆனால் ‘கனிகள்’ என்று எழுதவில்லை. ‘ஆவியின் கனி’ என்று ஒருமையில்தான் எழுதுகிறார். ஜெபத்தில் தேறியவர் சாந்தத்தில் தவறினாலும் சராசரி பார்த்துத் தேற்றிவிடும் பரீட்சை அல்ல இது. இன்னொன்று, எந்தக் கொடியும் தன் பழத்தைத் தானே தின்பதில்லை. உங்களிடம் கனி இருக்கிறதா என்பதை உங்கள் வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

யோவான் 15-இல் இயேசு தம்மைத் திராட்சச்செடி என்றும் நம்மைக் கொடிகள் என்றும் சொல்லி, தம்மில் நிலைத்திருக்கச் சொல்கிறார். அங்கே 4 முதல் 10 வரையுள்ள ஏழு வசனங்களில், ‘நிலைத்திருத்தல்’ என்ற வினை கிரேக்க மூலத்தில் பத்து முறை வருகிறது. உங்கள் ஜெபம் ஐந்து மணிக்கு முடிந்துவிடுகிறது, கோபமோ எட்டு மணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட மூன்று மணி நேரம் எங்கே நிலைத்திருக்கிறீர்கள்? எட்டு மணிக்கு யார்மேல், எதற்காக எரிச்சல் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை நான்கு மணிக்கே பெயர் சொல்லி ஜெபியுங்கள். மீறிக் கத்திவிட்டால் அன்றைக்கே போய் மன்னிப்புக் கேளுங்கள், சிறு பிள்ளையாக இருந்தாலும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னார் ஆண்டவர். அதிகாலை ஜெபமும் ஒரு காணிக்கைதானே?

கேள்வி: நான் செவிலியர். இரவுப் பணி. அதிகாலை ஜெபம் இல்லாததால் குற்ற உணர்வாக இருக்கிறது.

வேண்டாம், அம்மா. சங்கீதம் 134-ஐப் படியுங்கள்; மூன்றே வசனம். இராக்காலங்களில் ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரருக்காகவே பாடப்பட்டது. இயேசு இருட்டோடே எழுந்தும் ஜெபித்தார், இரவு முழுவதும் விழித்திருந்தும் ஜெபித்தார். பணி முடிந்து தூங்கி எழும் நேரம்தான் உங்களுக்குக் காலை.

கேள்வி: ஒரே வருடத்தில் வேதாகமத்தை முடிக்க வேண்டும் என்று ஜனவரியில் தொடங்குவேன். லேவியராகமத்தில் நின்றுவிடும்.

உங்களுக்குத் துணை நிறையப் பேர்! 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று, நான்கு என்று ஓட வேண்டும். ஓடுகிறவர்கள் ஓடட்டும். நீங்கள் மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், 16 அதிகாரம்தான். நாளுக்குப் பாதி அதிகாரம், அதில் ஒரு வசனத்தை மாலை வரை மனதில் அசைபோடுங்கள். லேவியராகமம் எங்கும் போய்விடாது.

கேள்வி: முன்பெல்லாம் ஜெபத்தில் கண்ணீர் வரும். இப்போது வறட்சிதான். தேவன் என்னை விட்டு விலகிவிட்டாரா?

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு, ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்டான். தூதன் கண்டிக்கவில்லை, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான் எலியா. மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. தேவன் அவனோடு பேசிய மெல்லிய சத்தம் அதற்கு வெகு நாள் கழித்துத்தான் வந்தது. முதலில் நன்றாகத் தூங்குகிறீர்களா என்று பாருங்கள். கண்ணீர் வராவிட்டால், சங்கீதம் 88-ஐ அப்படியே வாசித்து ஜெபமாக்குங்கள். ஆறுதல் வார்த்தை இல்லாமல் புலம்பலாகவே முடிகிற சங்கீதம் அது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: சபையில் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம் என்று நான்கைந்து பொறுப்புகள். இதுவும் கனிதானே?

இலையாகவும் இருக்கலாம். திராட்சைத் தோட்டக்காரர் கனி கொடுக்கிற கொடியைத்தான் கத்தரிக்கிறார். அதிகக் கனிக்காக அப்படிச் செய்வதாக ஆண்டவரே சொல்கிறார். இரண்டு பொறுப்பை விட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஜெபிக்க உட்கார்ந்தால் கடன், மகள் திருமணம், அலுவலகச் சண்டை என்று மனம் அலைகிறது.

அவைதான் உங்கள் ஜெபக் குறிப்புகள். அதே வரிசையில் சொல்லுங்கள்.