நைட்ரஸ் பட்டனை அழுத்தினால் வண்டி சீறாமல் திணறுகிறதே, என்ன கோளாறு?

இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்து வேகமூட்டுகிற வாயுதான் நைட்ரஸ், ஆனால் கேள்வியில் பாதி விவரம் இல்லை. கேஜ் 950 பி.எஸ்.ஐ காட்டுகிறது, பட்டனை அழுத்தினால் கறும்புகை தள்ளி இன்ஜின் அடங்கிப்போகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுடையது நைட்ரஸோடு கூடுதல் பெட்ரோலையும் தெளிக்கிற வெட் கிட்டாகத்தான் இருக்கும்.

கறும்புகை வந்தால், பெட்ரோல் இறங்குகிறது, நைட்ரஸ் போதுமான அளவு வரவில்லை என்று பொருள். தப்பித்தீர்கள். தலைகீழாக நடந்திருந்தால் இந்நேரம் பிஸ்டன் உருகியிருக்கும்.

கேஜை நம்பாதீர்கள். பாட்டிலில் கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் அது முழுப் பாட்டில் மாதிரியேதான் காட்டும், ஏனென்றால் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. தராசில் வைத்து, காலி பாட்டில் எடையைக் கழித்துப் பாருங்கள். வால்வு வண்டியின் முன்பக்கம் பார்த்துச் சற்று உயர்ந்தும், லேபிள் மேல்பக்கமாகவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் வேகமெடுக்கும்போது உள்குழாய் திரவத்துக்குப் பதில் வாயுவை உறிஞ்சும்.

இரண்டும் சரி என்றால், என் கதையைக் கேளுங்கள். எனக்கும் இதே திணறல்தான். பொருத்திக் கொடுத்தவர் முதலில் தெளிக்கும் துளையான ஜெட்டை மாற்றச் சொன்னார், அப்புறம் பிளக், அப்புறம் இன்ஜினின் கணினியான ஈசியூ. ஒவ்வொன்றுக்கும் தனி பில். நைட்ரஸைத் திறந்துவிடும் மின்வால்வான சாலினாய்டு 'டிக்' என்று சத்தம் கொடுக்கிறதே, அதில் கோளாறே இல்லை என்று சாதித்தார். அந்த 'டிக்' பாட்டில் மூடியிருந்தபோது கேட்டது. பாட்டிலைத் திறந்துவிட்டால் ஆயிரத்தை ஒட்டிய பி.எஸ்.ஐ அழுத்தம் வால்வை அடைத்திருக்கும் பிளஞ்சரை அமுக்கிப் பிடிக்கும், அதைத் தூக்கக் காயிலுக்கு முழு வோல்டேஜ் வேண்டும். பெட்ரோல் சாலினாய்டுக்கு எதிரே இருப்பது சுமார் 50 பி.எஸ்.ஐதான், அரைகுறை வோல்டேஜிலும் திறந்துகொள்ளும். கறும்புகைக்குக் காரணம் இதுதான்.

பாட்டிலை மூடி, நைட்ரஸ் லைனைக் காலிசெய்து, பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, அந்த லைனில் தங்கிய அழுத்தத்தையும் இறக்கினேன். பட்டனை ஒரு நொடி அழுத்தி, காயிலின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டர் வைத்தேன். பேட்டரியில் 12.4, காயிலில் 8.9. எர்த் பக்கம் மட்டும் தனியாக அளந்தால் அங்கேயே 3 வோல்ட்டுக்கு மேல் விழுகிறது. எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் அதன் வளையத்துக்கு அடியில் பெயின்ட் அப்படியே பளபளக்கிறது. மரையின் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்குத்தான் இரும்பு தெரிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன், 0.2க்குக் கீழே வந்துவிட்டது. அவ்வளவுதான் கோளாறு.

"அந்த வோல்டேஜில், சாலினாய்டுக்குக் கரன்ட் கொடுக்கும் ஸ்விட்சான ரிலேயே இழுத்திருக்காதே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ரிலே காயிலின் எர்த் வேறு போல்ட்டில் இருந்தது ஐயா. நான் பந்தயத் தடத்தில் மட்டும்தான் ஓட்டுகிறேன், எனவே 'சாலையில் நைட்ரஸ் போடாதே' என்கிற அறிவுரையும் வேண்டாம்.

     

சரி, உங்கள் வண்டியில் வோல்டேஜ் ஒழுங்காக இருந்தால் லைன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், அடுத்து சாலினாய்டின் சீல் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பாட்டிலைத் தீயில் காட்டிச் சூடாக்கச் சொல்கிற ஆளிடம் மட்டும் போகாதீர்கள். சரியான பிறகும் 3000 ஆர்.பி.எம்முக்குக் கீழே பட்டனைத் தொடாதீர்கள், இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் பெட்ரோல் தேங்கி வெடிக்கலாம். இதுவரை எரியாமல் போன பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள், வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.