அவசரத்துக்கு வீட்டை விற்க முடியுமா?

கேள்வி: சேமிப்பு மொத்தத்தையும் போட்டு இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறேன். பணத்தேவை வந்தால் விற்றுக்கொள்ளலாம்தானே?

பதில்: விற்கலாம், யார் தடுக்கப் போகிறார்கள்? எப்போது விற்கும், என்ன விலைக்குப் போகும் என்பதுதான் சிக்கல். பங்குகளை விற்றால் ஓரிரு வேலை நாளில் பணம் கணக்குக்கு வந்துவிடும். வீட்டுக்கு முதலில் ஆள் கிடைக்க வேண்டும், அவர் பேரம் பேசி, பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டி, வங்கியில் கடன் கேட்டு, வங்கி தன் பங்குக்கு ஆள் அனுப்பி மதிப்புப் போட்டு, பதிவு வரை வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நடுவில் அவருக்குக் கடன் கிடைக்காமல் போனால் மறுபடி முதலிலிருந்து. உங்களால் காத்திருக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டால் போச்சு, அடிமாட்டு விலைதான். பக்கத்து வீடு இவ்வளவுக்குப் போனதாம் என்ற கணக்கெல்லாம் அப்போது உதவாது.

கொஞ்சம் பணம்தான் தேவை என்றாலும் கொஞ்சமாக விற்க வழியில்லை. மருத்துவச் செலவுக்காகச் சமையலறையை மட்டும் விற்க முடியுமா? அடமானம் வைக்கலாமே என்பீர்கள். சரி, ஆனால் வங்கி உங்கள் வருமானத்தையும் பார்க்கும். வேலை போன நேரத்தில் போய் நின்றால் கை விரித்துவிடும். 2008 உலக நிதி நெருக்கடியில் பல நாடுகளில் நடந்ததைப் பாருங்கள்: விற்க வேண்டிய கட்டாயம் பலருக்கும் ஒரே சமயத்தில் வந்தது, அதே சமயத்தில் வங்கிகளும் கடனை இறுக்கியதால் வாங்க ஆளில்லை.

வாங்குவதாகவே இருந்தால், அந்த வட்டாரத்தில் அதே மாதிரி வீடுகள் விற்க எத்தனை மாதம் ஆனது என்று விசாரியுங்கள், விலையை விசாரிப்பதைவிட இது முக்கியம். பெரிய பங்களாவைவிட நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய வீட்டுக்குத்தான் ஆள் அதிகம். கூட்டாக வாங்கினால் எல்லோருடைய கையெழுத்தும் இல்லாமல் முழுசாக விற்க முடியாது. குடியிருப்பவர் உடனே காலி செய்ய மாட்டார் என்பதையும் கணக்கில் வையுங்கள். எப்படியும் ஆறு மாதச் செலவு, கடன் இருந்தால் அதன் தவணையும் சேர்த்து, தனியாக இருக்கட்டும். மொத்தச் சேமிப்பையும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: அப்படியானால் ரெய்ட் (REIT, பலரிடம் பணம் திரட்டி வாடகை வரும் கட்டடங்களை வைத்திருக்கும் அமைப்பு), சொத்து நிதி (கட்டடங்களில் முதலீடு செய்யும் நிதி) இவற்றில் போட்டால் இந்தத் தொல்லை இல்லையா?

பதில்: பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ரெய்ட் என்றால் தொல்லை குறைவுதான். 1960இல் அமெரிக்கா சட்டம் போட்டு இதைத் தொடங்கியதே சின்ன முதலீட்டாளரும் பெரிய கட்டடங்களில் பங்கு வாங்கட்டும் என்றுதான். சந்தை நேரத்தில் விற்கலாம், வேண்டிய அளவு மட்டும் விற்கலாம். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, அதன் மதிப்பு பங்குபோல அன்றாடம் ஏறி இறங்குவது.

பட்டியலிடாத சொத்து நிதிகள் வேறு ரகம். சிலவற்றில் தினமும் பணம் எடுக்கலாம் என்பார்கள், ஆனால் உள்ளே இருப்பது விற்க மாதக்கணக்கில் ஆகும் கட்டடம்தானே. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவது பற்றிய பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகப் பணம் கேட்க, பிரிட்டனில் பல நிதிகள் பணம் எடுப்பதையே நிறுத்தி வைத்தன. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது அங்கே மறுபடியும் பல நிதிகள் நிறுத்தின. போடுவதற்கு முன் விதிமுறைகளில் பணம் எடுப்பதை எப்போதெல்லாம் நிறுத்தலாம் என்று எழுதியிருக்கும் பகுதியைத் தேடிப் படியுங்கள்.