கோடு இரவில், நிறம் பகலில் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஓவியம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். 2012-இல் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் ஒருவன். வாரத்தில் மூன்று அரை நாள் பள்ளி. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடக்காது. அதனால் மற்ற நாட்களில் கடைச் சுவர்களில் எழுதுகிறேன், நர்சரிப் பள்ளிகளில் யானையும் முயலும் வரைகிறேன், கும்பாபிஷேகம் வந்தால் கோபுரத்துக்கு வர்ணம் பூசும் குழுவோடு சாரம் ஏறுகிறேன். போட்டோவைப் பார்த்து உருவப்படமும் வரைந்து கொடுக்கிறேன்.

எனக்கென்று வரைவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். ட்யூப் லைட்டுக்குக் கீழே ஸ்டாண்டைப் போட்டு, தூரிகைகளைத் தேடி எடுத்து உட்காருவதற்குள் பாதி நாள் தூக்கம் வந்துவிடுகிறது. வீட்டுக்கு எதிரே தெரியும் மலையைத்தான் திரும்பத் திரும்ப ஆயில் கலரில் வரைகிறேன். “வேறு எதுவும் கிடைக்கவில்லையா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இரவில் பிடித்திருந்த நிறம் காலையில் பார்த்தால் பிடிக்காமல் போகிறது. பகலெல்லாம் பூசும் எனாமலும் டிஸ்டெம்பரும் கையைக் கெடுத்துவிட்டனவோ என்று பயமாக இருக்கிறது. சுவரில் நான் வரைந்தவை இரண்டு மூன்று வருடங்களில் வெள்ளையடிக்கப்பட்டு மறைந்துவிடுகின்றன. இளவயதில் சென்னைக்குப் போயிருந்தால் ஓவியன் ஆகியிருப்பேனோ?

இன்னொரு சின்ன விஷயம். உருவப்படம் முடிந்த பிறகு “எங்கள் அப்பா முகம் இப்படி இருக்காது” என்று சொல்லிப் பணத்தை இழுத்தடிக்கிறார்கள். நீங்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இருக்கும் கவலைகளில் பாதி, கலைஞர்கள் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றுக்கு ஆறுதல் சொல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. இரவில் பிடித்த நிறம் காலையில் பிடிக்கவில்லை என்கிறீர்கள். அந்தப் பழியை உங்கள் ரசனை மீதும் எனாமல் மீதும் போடாதீர்கள். குற்றவாளி உங்கள் தலைக்கு மேலே எரியும் ட்யூப் லைட்.

மலிவான வெள்ளைக் குழல் விளக்குகளின் ஒளியில் சிவப்பு குறைவு. அதன் கீழே காவியும் செம்மண் நிறமும் மங்கித் தெரியும். மங்குகிறதே என்று இன்னும் கொஞ்சம் சேர்ப்பீர்கள், அப்போதும் போதாது, மறுபடியும் சேர்ப்பீர்கள். காலையில் சன்னலைத் திறந்தால் மலை செங்கல் சூளை மாதிரி சிவந்து நிற்கும். எந்தக் கைக்காரரும் இதில் தப்ப முடியாது. நல்ல விளக்கு வாங்கலாம், ஓரளவு பயன்படும். ஆனால் மலையை அதற்குரிய வெயிலில் பார்க்காமல் அதன் நிறத்தைப் பிடிக்க நினைப்பதே வீண் வேலை.

அதனால் இரவில் நிறத்தைத் தொடாதீர்கள். இரவு, கோட்டுக்கான நேரம். பென்சில், கரி, இங்க் பேனா போதும். அதற்கும் கை ஒத்துழைக்காத நாளில் காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடியுங்கள், பிரைமர் பூசிக் காய வையுங்கள், தூரிகைகளை டர்பன்டைனில் அலசி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். படுக்கப் போகும் முன் மறுநாளைக்கான டியூப்களை மட்டும் எடுத்து வரிசையாக வையுங்கள். காலையில் எழுந்து எதையும் தேடக் கூடாது. எனக்குத் தெரிந்து ஓவியர்களின் காலைகள் பெரும்பாலும் தேடுவதில்தான் போகின்றன. மூடி திறக்காத வெள்ளை டியூப் ஒன்றோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். நம் ஊரில் வரைவதற்குரிய வெயில் ஏழரை மணி வரைதான். அதற்குப் பிறகு கல்லில் நிழல் சுருங்கத் தொடங்கிவிடும்.

சித்திரை, வைகாசியில் இது இன்னும் முக்கியம். நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களில் பத்து மணிக்கு வாட்டர் கலரை எடுத்தால், வானத்துக்கு ஒரு பூச்சு இழுத்து முடிப்பதற்குள் முதலில் இழுத்த ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். அக்ரிலிக் தட்டிலேயே தோல் கட்டும். காகிதத்தை இரண்டு பக்கமும் நனைத்துப் பலகையில் ஒட்டிக்கொள்வது கொஞ்சம் அவகாசம் தரும். நீங்கள் ஆயில் பயன்படுத்துவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் முந்தைய அடுக்கு காயாமலே அடுத்ததைப் பூசும் அவசரம் கடிதத்திலேயே தெரிகிறது. அடியில் டர்பன்டைன் கலந்து மெல்லிசாக, மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய் கூட்டி. இதை மாற்றிச் செய்தால் சில வருடங்களில் வெடிப்பு விடும்.

இனி மலை. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய சொலவடை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இதில் இரண்டு ஏற்கெனவே பொய்த்துவிட்டன. 1981-இல் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் லிங்கம் மீண்டும் வந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதை நாமே பார்த்தோம். அரசனில்லாத கோட்டையும் மரமில்லாத மலையும்தான் மிச்சம். ஓவியனுக்கு மரமில்லாத மலை ஒரு குறையா? மரம் மூடிய மலையில் பச்சைதான் தெரியும், உடம்பு தெரியாது. நம் மலைகள் எலும்பும் மூட்டும் தெரிய உட்கார்ந்திருக்கின்றன. உருண்டைப் பாறைக்கும் அதன் கீழ் இடுக்குக்கும் நடுவே காலை ஆறரைக்கு விழும் நிழலை ஒரு முறை உற்றுப் பாருங்கள். கறுப்பு அதில் துளியும் கிடையாது. மேலே வானத்தின் நீலம் கொஞ்சம் இறங்கியிருக்கும், கீழே மண்ணிலிருந்து எதிரொளித்த வெளிச்சம் அடிப்பக்கத்தில் மெல்லிய செம்மையாக ஏறியிருக்கும். கறுப்பு டியூபை ஒதுக்கிவிட்டு அல்ட்ராமரைன் நீலத்தையும் செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவையும் கலந்து பாருங்கள். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெயில் பட்ட கல். நம் மலைக்கு வேண்டியதில் முக்கால்வாசி இந்த இரண்டுக்குள் இருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு பாறை இடுக்குகளில் புல் தழைக்கும் சில வாரங்களுக்கு மட்டும் பச்சை வேண்டும்.

ஒரே மலையா என்று கேட்கும் நண்பர்களுக்கு மொராந்தியைச் சொல்லுங்கள். இத்தாலியில் போலோனா நகரத்துக்காரர், 1964-இல் இறந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சில போத்தல்களையும் ஜாடிகளையும் மேசையில் மாற்றி மாற்றி அடுக்கி வரைவதில் கழித்தார். தங்கைகளோடு ஒரே வீடு, படுக்கிற அறையே வரைகிற அறை. உங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இன்னொன்று. 1914-லிருந்து பதினைந்து வருடங்கள் போல அவர் தொடக்கப் பள்ளிகளில் ஓவிய வாத்தியார். செதுக்கு அச்சுக்கலைப் பேராசிரியர் பதவி பிறகுதான் வந்தது.

சுவர் வேலை உங்கள் கையைக் கெடுத்துவிட்டது என்கிறீர்கள். நான் முழுவதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீலப் பொடியில் தோய்த்த நூலைச் சுவரின் இரு முனைகளிலும் பிடித்துச் சுண்டி, இரண்டு கோடுகளுக்கு நடுவே ‘ழ’வின் வளைவைத் தட்டைத் தூரிகையால் ஒரே மூச்சில் இறக்குகிறீர்களே, இடது கையில் ஒரு குச்சியைச் சுவரில் ஊன்றி, அதன் மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டு? கல்லூரியில் படித்து வந்த பலருக்கு அது வராது. எனக்கு வராது. பத்தடிச் சுவரில் பெயிண்ட் வழியாமல், திட்டுத் தெரியாமல் வானம் பூசுகிற ஒருவர், இரண்டடித் துணியில் ஏன் இப்படி நடுங்கிக்கொண்டு புள்ளி புள்ளியாக வைக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நீங்கள் அனுப்பிய படங்களில் வானம்தான் ஆகப் பலவீனம். சுவருக்கு எடுக்கும் தூரிகையில் ஒன்றைத் துணிக்கும் எடுங்கள்.

கையைக் கெடுக்கும் வேலை ஒன்று உங்களிடம் இருக்கத்தான் செய்கிறது. போட்டோ மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்கும் வேலை. பிழைப்புக்கு அது வேண்டும், விடச் சொல்லவில்லை. ஆனால் வருடக் கணக்கில் அதையே செய்தால் கண் முழு உருவத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடும், கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். உங்கள் மலையிலும் அது தெரிகிறது. ஒவ்வொரு பாறையும் சரியாக இருக்கிறது, மலை இல்லை. இதற்கு மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு கோட்டைக்குள் போய், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் உட்காருங்கள். முன்கால் தூக்கி நிற்கும் குதிரையையும் யாளியையும் ரப்பர் இல்லாமல், கட்டம் இல்லாமல், பேனாவால் வரையுங்கள். குதிரையின் கழுத்திலிருந்து பின்னங்கால் வரை ஓடும் ஒரே வளைவை முதலில் போடுங்கள், நகைகளும் கடிவாளமும் பிறகு. முதல் சில வாரம் கேவலமாக வரும். வரட்டும். கூட்டம் சேர்ந்து “யார் இந்தக் குதிரையில் இருப்பது?” என்று கேட்பார்கள், அதற்கும் பதில் சொல்லிக்கொண்டு வரையுங்கள்.

வெள்ளையடித்துவிடுகிறார்கள் என்ற வருத்தத்தைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு மனம் இல்லை. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயிலில், பாரதக் கூத்தின் முடிவில் துரியோதனன் சாகும் படுகளத்தில் துரியோதனனைச் செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மண்ணைக் குழைத்து, தரையில் மல்லாந்த பெரிய உடம்பாக வளர்த்து, முகத்துக்கு வர்ணம் பூசி, மீசை முறுக்கி, விழிகளைப் பிதுங்க வைப்பார்கள். கூத்துக்காரர்கள் வந்து அதன் மேலேயே ஆடுவார்கள். பீமன் தொடையைப் பிளந்து, திரௌபதி கூந்தல் முடிந்ததும் எல்லாம் முடிந்தது. அடுத்த முறை அதே ஆள் வந்து மறுபடியும் மீசை முறுக்குவார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மலையம்பட்டில் அர்மாமலைக் குகை இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் சமண ஓவியங்கள். கூரையில் தாமரையும் பறவையும் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கின்றன. நிலைக்கும் என்று நினைத்து வரைந்தவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். நர்சரிச் சுவரில் முயல் மூன்று வருடம் இருந்தால் பிள்ளைகளுக்குப் போதும்.

சென்னை விஷயம். திருவண்ணாமலையில் பிறந்த ஓவியர் சந்தானராஜ் சென்னைக்குப் போனார், ஓவியக் கல்லூரிக்கு முதல்வராகவும் ஆனார். போனதால் அவருக்கு ஆசிரியர்கள் கிடைத்தார்கள், சண்டை போட நண்பர்கள் கிடைத்தார்கள். அது பெரிய விஷயம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சென்னைக்குப் போனவர்கள் எல்லோரும் பகல் முழுவதும் தங்கள் ஓவியத்தையே வரைந்துகொண்டிருந்தார்கள் என்று கற்பனை செய்யாதீர்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் வழிகாட்ட 1966-இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் உருவானபோது, நிலத்துக்கும் வாழ்க்கைக்கும் காசு கொடுத்தது கைவினைப் பொருள் விற்பனை. மெழுகால் மறைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி செய்து பிழைத்துக்கொண்டே வரைந்தவர்கள் அவர்கள். ஓவியர் ஆதிமூலம் பத்திரிகைகளுக்குக் கோட்டோவியமும் புத்தகங்களுக்கு அட்டையும் வரைந்தார். அந்தக் கோடுகளில் எது பிழைப்பு, எது கலை என்று பிரித்துக் காட்ட என்னால் முடியாது.

குடிபெயர வேண்டிய வயது உங்களுக்குக் கடந்துவிட்டது, பிள்ளைகள் படிக்கிறார்கள். மாதம் ஒரு நாள் போய்விட்டு வரலாம். காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தையும் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியையும் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பிவிடலாம். படங்களைப் போனில் பார்த்தால் போதாது. தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது என்பது நேரில் நின்றால்தான் தெரியும்.

உருவப்படக் காசு விஷயத்தில் நான் கறார். போட்டோவைக் கையில் வாங்கும்போதே பாதித் தொகை வாங்கிவிட வேண்டும். முதலில் பென்சில் வரைவு மட்டும். வீட்டில் மூத்தவர் யாரோ அவரை வரவழைத்துக் காட்டுங்கள். மூக்கு பெரிது, காது சின்னது, மச்சத்தைக் காணோம், எல்லாம் அப்போதே சொல்லட்டும். திருத்திக் காட்டி, அந்த வரைவின் பின்பக்கம் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு வண்ணத்தைத் திறங்கள். செத்தவருக்குப் போட்டோவில் இல்லாத சிரிப்பு வேண்டும் என்று கேட்பவர்களிடம் மட்டும் கூடுதலாக வாங்குங்கள்.

அன்புடன்