பிரிக்கிற வேலைக்கு அரசு பணம் எதற்கு? கேளுங்கள், சொல்கிறேன்

காரைக்குடி ஆய்வகத்தில் பிரிப்பு வேலையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோட்டையூர்: கலந்து கிடப்பதைப் பிரிக்க ஆராய்ச்சி, அதற்கு அரசு பணம். நாட்டுக்கு என்ன லாபம் சார்?

மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதற்குள் நியோடிமியம் என்ற அருமண் தனிமம், மின்வண்டி மோட்டார் காந்தத்துக்கு வேண்டியது. ஆனால் ஒட்டிக்கொண்டு பிரசியோடிமியம் என்ற இன்னொரு அருமண்ணும் இருக்கிறது, குணத்தில் இரண்டும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். அமிலக் கரைசலோடு கரைப்பானைக் கலக்கி, தெளிய விட்டு, மேலே ஒதுங்கியதை எடுத்து மறுபடி கலக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கொஞ்சூண்டுதான் விலகும், அதனால் கட்டம் கட்டமாகத் தொட்டி வரிசை நீண்டுகொண்டே போகும். சீனா இதில் பல பத்தாண்டுகள் பணம் போட்டது. 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்ததும் நம் வண்டிக் கம்பெனிகளுக்கு விழி பிதுங்கியது. (அந்த ஏழில் உள்ள, காந்தம் சூடு தாங்கச் சேர்க்கிற டிஸ்ப்ரோசியம் நம் மோனசைட்டில் சொற்பம், அதையும் சொல்லிவிட வேண்டும்.) அப்புறம் எரிபொருள். உலகம் செலவிடும் ஆற்றலில் 10 முதல் 15 சதவீதம் பிரிப்பதற்கே போகிறது என்று 2016-ல் ஒரு மதிப்பீடு வந்தது. காய்ச்சி வடிப்பதுதான் அதில் பெரிய தீனிக்காரன்.

தேவகோட்டை ஆச்சி: ஆர்ஓ தண்ணி நல்லதா தம்பி?

ஆர்ஓ என்பது தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிப்பது. முதலில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள் ஆச்சி. உப்பு குறைவு என்றால் ஆர்ஓவே வேண்டாம்.

பள்ளத்தூர்: எந்த ஆர்ஓ மெஷின் வாங்கலாம்?

ஆச்சிக்குச் சொன்னதுதான்.

காரைக்குடி: நகைப்பட்டறைத் தூசியை வீட்டிலேயே நைட்ரிக் அமிலம் ஊற்றிப் பிரிக்கலாமா அண்ணே?

கூடாது. அதில் கிளம்பும் செம்பழுப்புப் புகை அப்போது ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும்.

கானாடுகாத்தான்: அந்தப் பணத்தில் ஊருணியைத் தூர்வாருங்கள். எங்கள் அப்பச்சி காலத்தில் சவ்வா கிவ்வா?

தூர்வார நானும் வருகிறேன். ஆனால் சென்னைக்கு எந்த ஊருணி? நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைத்தான் குடிநீராக்குகிறார்கள். அந்தச் சவ்வை முதலில் உருப்படியாகச் செய்தவர்களில் ஒருவர் ஸ்ரீநிவாச சௌரிராஜன், இந்தியாவில் பிறந்தவர். வேலை நடந்தது கலிபோர்னியாவில்.

கானாடுகாத்தான், மறுபடி: அப்போ பணம் போட்டது அமெரிக்கா, தண்ணீர் நமக்கும் வந்ததே?

வந்தது, காசு கொடுத்து. அழகப்பர் காரைக்குடி ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தபோதும் இங்கே ஊருணிகள் இருந்தன ஐயா. அதைப் பார்த்து அவர் கையை மடக்கவில்லை.

புதுவயல்: ஆர்ஓ கழிவுத் தண்ணீர்…

பாத்திரம் துலக்குங்கள், செடிக்கு வேண்டாம். இன்னொரு ஆர்ஓ கேள்வி வருவதற்குள் கடையைக் கட்டுகிறேன்.